பட்டியலில் இல்லாததைத் தேடிப்போன எஸ்தர்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீபெரும்புதூர் வண்டிக்காக நின்றிருந்தேன். எஸ்தரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய தம்பி டேனியல். “அண்ணா, அக்கா காலையில எழுந்திரிக்கவே இல்லண்ணா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போனோம். ஆர்ட்டு நின்னு ரொம்ப நேரம் ஆயிடுச்சாம்.” நான் “சரிப்பா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட்டும் வாங்கினேன். அடுத்த இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். திருப்புட்குழியிலிருந்து முதல் பேருந்தில் வந்து இங்கே ஏறும் எஸ்தருக்காக நான் தினமும் இடம் பிடித்து வைப்பது வழக்கம். ஓர் அம்மா, “பைய எடுப்பா, உக்காரணும்” என்றார். அப்போதுதான் டேனியல் சொன்னது எனக்குள் இறங்கியது. ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எஸ்தருக்கு வயது முப்பத்தாறு.

எங்களோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வேலை தெரியாத அவருடைய உறவினர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

மற்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் நின்றுபோகாமல் கண்காணிப்பது எங்கள் தொழில். அந்த மென்பொருள்கள் இப்போதெல்லாம் கண்டெய்னர் எனப்படும் சிறு சிறு கூடுகளுக்குள் ஓடுகின்றன. காலையில் இருக்கும் கூடு மாலையில் இருக்காது; ஒன்று செத்தால் வேறொன்று வேறு பெயரில் எழும். கையால் பட்டியல் போட்டு மாளாது. அதனால் டிஸ்கவரி ஜாப் என்ற ஒன்றை அமைப்போம். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே போய், எங்கே எது ஓடுகிறது, எது எதனோடு பேசுகிறது என்று பார்த்து வரைபடம் போடும். வரைபடத்தில் இருப்பது நின்றால் எங்களுக்கு அலாரம் அடிக்கும். இல்லாதது நின்றால் யாருக்கும் தெரியாது. இந்த ஜாப்களை அமைப்பதில் எங்கள் அலுவலகத்தில் எஸ்தருக்கு நிகராக யாரும் இல்லை.

ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் வேலை எங்களுக்கு வந்தபோது, அங்கிருந்த அதிகாரி ஒரு பட்டியலை அனுப்பி, “மேடம், மொத்தமே இவ்வளவுதான். தேட எல்லாம் வேண்டாம்” என்றார். எஸ்தர் விடவில்லை. “பாக்கறதுக்கு மட்டும் அனுமதி குடுங்க சார், எதையும் தொட மாட்டோம். பட்டியல் நீங்க நெனைக்கிறது. ஓடிக்கினு இருக்கிறது வேறயா இருக்கலாம்.” இரண்டு நாள் இழுபறிக்குப் பின் அனுமதி கிடைத்தது. ஜாப் ஓடி முடிந்ததும் பட்டியலில் இல்லாத நான்கு கண்டெய்னர்கள் வரைபடத்தில் வந்தன. அவற்றில் ஒன்று, ஆபத்தான அளவு காட்டும் முடிவுகளை உடனே மருத்துவர்களின் போனுக்கு அனுப்புவது. அதை யார் அமைத்தார்கள் என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. எஸ்தர் வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. “நல்லவேளப்பா, நிக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டோம்” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கண்டெய்னர் நின்றது. அலாரம் அடிக்கவில்லை.

நடந்தது இதுதான். பொறியாளர்கள் சோதனைக்காக ஏற்றி இறக்கும் கண்டெய்னர்களால் வரைபடம் நிரம்பி, அலாரம் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எரிச்சலில் நான் ஒரு விதி எழுதினேன்: ‘டெஸ்ட்’ என்று பெயர் தொடங்கும் எதையும் ஜாப் கணக்கில் எடுக்க வேண்டாம். எங்களுக்கு டெஸ்ட் என்றால் ஒத்திகை. ரத்தப் பரிசோதனை செய்பவர்களுக்கு டெஸ்ட்தான் தொழிலே. முடிவுகளை அனுப்பும் அந்தக் கண்டெய்னரின் பெயரும் அப்படித்தான் தொடங்கியது. எஸ்தரிடம் காட்டாமலே விதியைப் போட்டுவிட்டேன். அரை நாள் முழுக்க எந்த மருத்துவருக்கும் அவசரச் செய்தி போகவில்லை. ஒரு பெண்ணுக்கு முடிவு தாமதமாகத் தெரிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள்.

கூட்டத்தில் மேலாளர் கேட்டார், “யார் போட்ட ரூல் இது?” நான் மடிக்கணினியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். எஸ்தர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, “ஜாப் என்னுது சார். நான் சரிபாத்திருக்கணும்” என்றார். அன்று மதியமே அந்த விதியை நீக்கி, இனி எதை ஒதுக்கினாலும் அதுவும் சாம்பல் நிறத்தில் வரைபடத்தில் தெரியும்படி மாற்றி எழுதினார். “ஒதுக்கலாம்பா. ஆனா ஒதுக்கினதும் கண்ணுல படணும்” என்றார். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய டீம் லீடர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. ஏன் என்று தெரியும் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். உண்மை எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரே ஒருமுறை, பேருந்தில் வரும்போது கேட்டார். “நீயே சொல்லுவன்னு இருந்தேன்பா.”

“நாளைக்குச் சொல்லிடுறேன் எஸ்தர்.”

“ரெண்டு நாள் கூட எடுத்துக்கோ. ஆனா சொல்லிடு. எனக்காக இல்ல.”

ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து வருவதையும் நிறுத்தவில்லை.

அடக்கம் முடிந்து பாதிரியாரும் உறவினர்களும் கலைந்த பிறகு, எஸ்தரின் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு மகளைப் படிக்கவைத்தவர். “ஏம்பா, ஆபீஸ்ல எம்பொண்ணு ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டான்னு பேசிக்கினாங்களே. அது இன்னா தப்பு?”

“எஸ்தர் எந்தத் தப்பும் பண்ணலம்மா. பண்ணது நான். என்னைக் காப்பாத்திட்டாங்க.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவ இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். அழுதுகொண்டேதான் அடுத்ததையும் சொன்னார்: “நான் கேட்டப்போ ஒன்னியும் சொல்லலப்பா. கூட வேலை செய்றவங்க எல்லாரும் நல்லவங்கம்மா, நீ கவலப்படாதன்னு மட்டும் சொன்னா.”

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். எஸ்தருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. ‘எல்லாரும்’ என்று அவர் சொன்னபோது, நடந்தது அத்தனையும் தெரிந்தே என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல். அவர் உயிரோடு இருந்தவரை நான் அதற்குத் தகுதியானவனாக இருக்கவில்லை.