அலையில்லாத ஓட்டம்

யுத்தம் முடியும்வரை நான் சித்திரக்கதை வரைந்ததற்குக் கலைத்தாகம் காரணமல்ல. கமராவோடு கடற்கரைக்குப் போனால் சோதனைச் சாவடியிலேயே பாதி நாள் போய்விடும். பென்சிலை யாரும் விசாரிப்பதில்லை. சுனாமியைக்கூட அப்படித்தான் பெட்டி பெட்டியாக வரைந்து, நானே போட்டோக்கொப்பி எடுத்து, நானே விற்று, பெரும்பாலும் நானே வாங்கினேன்.

துப்பாக்கிகள் ஓய்ந்ததும் அந்தக் கதையைப் படமாக்க இறங்கினேன். சுயாதீனப் படைப்பாளி என்றால் கல்முனையில் அர்த்தம், தயாரிப்பாளர் இல்லை என்பதுதான். கமரா, கலியாண வீடியோ எடுக்கும் என் மச்சானுடையது. லுஹர்த் தொழுகைக்குப் பிறகு அவன் நிந்தவூரில் ஒரு கலியாணம் எடுக்க வேண்டும். அதற்குள் எனக்கு ஒரே ஒரு காட்சி வேண்டும்: சனம் கடலுக்கு முதுகு காட்டி ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் படமே இல்லை.

நடிக்க வந்தவர்கள் கடற்கரையில் கிரிக்கெட் ஆடும் இளந்தாரிகள். முதல் தடவை சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அடுத்த தடவை ஒருவன் மட்டையோடு ஓடினான்.

"டேய், உசிருக்குப் பயந்து ஓடுங்கடா!"

"கடல் சும்மாதானே கிடக்கு காக்கா. என்னத்துக்குப் பயப்புடுற?"

"கத்திக்கிட்டு ஓடுங்க. மறுகா பயம் தானா வரும்."

"கடல் வருகுது!" என்று கத்தினார்கள். நல்ல குரல்வளம்.

அலை வந்துபோய் இத்தனை வருடமாகியும் எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. மீன் வாங்க வந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். அவரைப் பார்த்து ஒழுங்கையில் குடியிருந்த சனமெல்லாம் ஓடியது. ஒருத்தி இடுப்பில் பிள்ளையும் கையில் அகப்பையுமாக ஓடினாள். இத்தனை பேர் சும்மாவா ஓடுவார்கள் என்று என் நடிகர்களும் நடிப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். அலை இல்லை என்பது எனக்குத் தெரியும்; காட்சியை எழுதியவனே நான்தான். இருந்தும் சாறனை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடி, வயல் வரம்பில்தான் நின்றேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி "ஒண்டுமில்ல, வீட்ட போங்க" என்ற பிறகே ஊர் திரும்பியது. நிந்தவூர்க் கலியாணமும் பிந்தியது. மாப்பிள்ளை வீட்டாரும் ஓடியிருந்தார்களாம். என்னைத் தேடி வந்தவர்கள் பேசிய வசனங்கள் எந்தப் படத்துக்கும் உதவாதவை.

மச்சான் கமராவைக் கைவிடவில்லை. நிறுத்த மறந்து, தோளில் வைத்தபடியே என் பின்னால் ஓடியிருக்கிறான். மறுநாள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். மண், வானம், மதில், பிறகு எல்லோருக்கும் முன்னால், சாறனைத் தூக்கிப் பிடித்தபடி என் முதுகு. அப்படியொரு பயத்தை நான் எந்தப் பெட்டிக்குள்ளும் வரைந்ததில்லை. நான் தேடிய காட்சி அதுதான்.

மனைவி கண்ணைச் சுருக்கினாள்.

"இஞ்ச, நிப்பாட்டுங்க. இது நம்மட கேற்றுத்தானே?"

"ஓம்."

"வாசல்ல நிக்கிறது நானும் பிள்ளையும். உங்களக் காணாமத்தான் ஓடாம நிண்ட நாங்க."

"ஓம்."

"ஒருக்காத் திரும்பியாச்சும் பாத்தீங்களா?"

அந்தத் துண்டை வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"ஏன் வெட்டுற? ஊருக்குப் போட்டுக் காட்டுங்க. எங்கட வாப்பாவ முன்வரிசையில இருத்துறன்."

படம் அன்றே முடிந்துவிட்டது. திரையிட மண்டபம் கிடைக்கவில்லை என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.