மேடத்தின் முதல் வருடம்

எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை போன் செய்தவர்கள் ஆபரேட்டரம்மாவின் குரலை மறக்கமாட்டார்கள். சண்டை போடுவதற்காகவே கூப்பிடுகிறவன்கூட, "இணைப்பிலேயே இருங்க" என்று அவள் சொல்லிவிட்டால் கப்சிப்பென்று இருப்பான். பக்கத்து மேசையில் வரவேற்பாளராக உட்கார்ந்திருப்பவள் நான். வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன், பேசுகிறவர்களை அவள் பார்த்துக்கொள்வாள்.

அவளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு யாராவது 'த்சொ த்சொ' என்று உச்சுக்கொட்டினால், "என்ன சார், பல்லுல ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று விசாரிப்பாள். எனக்கும் பரிதாபப்படுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வருட விடுப்பில் போனாள். கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் குடித்தனம். அதனால் அவருடைய அக்கா, வெளியூரில் தையல் கடை வைத்திருப்பவர், கடையைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். நூல் கோக்கிற கண். தரையில் கிடக்கும் குண்டூசி வாசலில் இருந்தே அவருக்குத் தெரியும்.

பெட்டியில் ஒரு பெரிய ஆல்பமும் வந்தது. முதல் சிரிப்பு, முதல் பல் என்று கட்டம் கட்டமாக அச்சடித்து, படம் ஒட்ட இடம் விட்ட ஆல்பம்.

"கவலப்படாத. எல்லாத்தையும் நானே எழுதி வச்சுடறேன்," என்றார் நாத்தனார்.

"நீங்க பாத்தத எழுதுங்க அண்ணி. நான் கேட்டத வச்சுக்கறேன்," என்றாள் இவள்.

அப்படித்தான் ஒரே குழந்தைக்கு ஒரே வீட்டில் இரண்டு நாட்குறிப்புகள் ஆரம்பமாயின. நாத்தனாருடையது ஆல்பம். இவளுடையது கைப்பேசியில் ஒலிப்பதிவு. ஒவ்வொரு பதிவையும் வேலைக் குரலிலேயே தொடங்குவாள், குழந்தைக்கு அதில் மேடம் என்று பெயர். "வணக்கம். மேடம் இப்ப தூக்கத்துல இருக்காங்க. இணைப்பிலேயே இருங்க." பிறகு மேடம் மூச்சு விடுகிற சத்தம். இன்னொன்றில் மேடம் முஷ்டியைச் சப்புகிறார். இன்னொன்றில் கோபமாகத் தும்முகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் எல்லாவற்றையும் போட்டுக் காட்டுவாள். முதலில், பச்சைப் பிள்ளை மூச்சு விடுவதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நாலைந்து வாரத்தில் பசி முனகலும் தூக்க முனகலும் எனக்கே பிரிந்து கேட்க ஆரம்பித்துவிட்டன.

குழந்தை தவழத் தொடங்கியதும் நாத்தனார் அதன் கவுனில் ஒரு மணியைத் தைத்துவிட்டார். இவள் தடவிப் பார்த்தாள், கத்தரிக்கோல் கேட்டாள், வெட்டி எடுத்தாள்.

"எம்பொண்ணு என்ன ஆட்டுக்குட்டியா? அவ கை தரையில படற சத்தம் போதும் எனக்கு. இப்பக்கூட பாயத் தாண்டி அலமாரிப் பக்கம் போயிட்டிருக்கா."

திரும்பிப் பார்த்தேன். மேடம் அலமாரிப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தாள். நாத்தனார் மணியை ஊசிப் பெட்டியில் போட்டுவைத்தார். கெட்டவர் இல்லை அவர். குழந்தை மீது கொள்ளைப் பிரியம். இரண்டும் சேர்ந்தவர்களிடம்தான் வாதாடி ஜெயிக்கமுடியாது.

குழந்தை நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்தபோது பிரச்சினை முற்றியது. தையல் கடையை இனியும் பூட்டி வைக்கமுடியாது. தம்பி லாரியோடு திரும்பியதும் கிளம்பவேண்டும். கிளம்பும்போது குழந்தையையும் கொண்டுபோகிறேன், பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். இவள் ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். கணவரிடம் போனில் கேட்டால், "அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நீ சொல்றதுலயும் இருக்கு" என்றாராம். லாரியை மட்டும் நேராக ஓட்டத் தெரிந்த மனிதர்.

அவர் திரும்பவேண்டிய வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. நான் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உள்ளே பேச்சு சூடாகிவிட்டிருந்தது.

"நடக்க ஆரம்பிச்சுட்டா உன்னால பிடிக்கமுடியுமா?" என்றார் நாத்தனார்.

"தவழறப்போ பிடிச்சேன்ல அண்ணி? ஓடினாலும் பிடிப்பேன்."

"பிடிக்கறத விடு. இதக் கேளு." நாத்தனார் ஆல்பத்தைத் திறந்து வாசித்தார். "ஜன்னல விரலால காட்டினா. பொம்மையக் காட்டினா. தண்ணிக் குவளையக் காட்டினா. எல்லாம் எங்கிட்ட. உங்கிட்ட ஒருதடவயாவது காட்டியிருக்காளா? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒருதடவகூட இல்ல. அம்மாகிட்ட காட்டிப் பிரயோஜனமில்லன்னு பிள்ளைக்கே தெரிஞ்சுபோச்சு."

இவள் மடியில் இருந்த குழந்தைத் துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.  எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆல்பத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். ஆனால் நாத்தனார் சொன்னது பொய் இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

இந்த ரகளையெல்லாம் மேடத்துக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. நாற்காலியைப் பிடித்து நின்றபடி அத்தையைப் பார்த்தாள். மேசை மேல் இருந்த ஆரஞ்சு நிறக் குவளையை நோக்கி விரலை நீட்டினாள். சத்தமே இல்லை.

"பாரு, இப்பக்கூட எங்கிட்டதான் காட்டறா," என்றார் நாத்தனார். வாதத்தில் ஜெயிக்கிற மும்முரத்தில் எழுந்து எடுத்துக்கொடுக்கவில்லை.

மேடம் கொஞ்ச நேரம் விரலை நீட்டிக்கொண்டே காத்திருந்தாள். இந்த ஆள் இன்று சரிப்படமாட்டார் என்று தோன்றியிருக்கும். பொத்தென்று உட்கார்ந்து, தவழ்ந்து அம்மாவிடம் போனாள். முழங்காலைப் பிடித்து எழுந்தாள். விரலை நீட்டவில்லை. "ஆ!" என்று ஒரு அதட்டல் போட்டாள். மேசைக் காலை உள்ளங்கையால் படபடவென்று தட்டினாள். பிறகு அம்மாவின் சுட்டுவிரலைப் பிடித்து மேசைப் பக்கம் இழுத்தாள்.

"என்ன மேடம், மேசை மேலயா?" இவள் கை மேசையில் துழாவியது. செய்தித்தாளைத் தொட்டாள். மேடம் மௌனம். சீப்பைத் தொட்டாள். மௌனம். குவளையைத் தொட்டாள்.

"ஆ!"

"இதானா? இந்தாங்க."

குவளை கைமாறியது. மேடம் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள். நானும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன ரெண்டு பேரும் பேச்சே காணோம்?" என்றாள் இவள்.

"இப்ப என்ன பண்ணினா இவ?" என்று கேட்டார் நாத்தனார்.

"தண்ணி கேட்டா. தெனமும் கேக்கறதுதான. தட்டுவா, கத்துவா, கையப் பிடிச்சு இழுப்பா. எல்லாக் கொழந்தையும் இப்படித்தான அண்ணி கேக்கும்?"

"இல்ல," என்றார் நாத்தனார். குரல் இறங்கிவிட்டது. "எங்கிட்ட இவ ஒருநாள்கூட இப்படிக் கத்தினதில்ல. விரலத்தான் நீட்டுவா. நீ கூப்பிடற, அவ ஓடறா, ஏதோ கொஞ்சல்னு நான் அடுப்படியிலயே இருந்துட்டேன்."

இவள் கைப்பேசியைத் தடவி எடுத்துப் பழைய பதிவு ஒன்றைப் போட்டாள். "வணக்கம். மேடம் இன்னிக்குத் தாளம் போடறாங்க. இணைப்பிலேயே இருங்க." பிறகு தரையில் படபடவென்று தட்டும் சத்தம், "ஆ!" என்று ஒரு அதட்டல். அது எந்த மாதம் என்று கேட்டு நாத்தனார் ஆல்பத்தைப் புரட்டினார். அதே மாதத்துப் பக்கத்தில், குண்டுக் கையெழுத்தில், 'ஜன்னலை விரலால் காட்டினாள்' என்று இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு வழி, பார்க்காதவளுக்கு வேறு வழி. இரண்டையும் குழந்தை ஒரே சமயத்தில் கண்டுபிடித்திருக்கிறது. பாதியை ஒருத்தி எழுதியிருக்கிறாள், பாதியை இன்னொருத்தி பதிந்திருக்கிறாள். முழுசாகத் தெரிந்தவள் குவளையைக் கவிழ்த்துத் தரையெல்லாம் தண்ணீர் ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள் இவள். "எனக்குக் கண்ணு தெரியாதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா இதெல்லாம் பண்றா?"

"அவளுக்குப் புரியற வயசு வந்ததும் நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு அவ வயித்துல இருந்தப்பவே பயந்துட்டு இருந்தேன் அண்ணி. வேற எதுக்கும் நான் பயப்படல. அது ஒண்ணுக்குத்தான்." சொல்லிக்கொண்டே அழுதாள். எல்லோரையும் இணைப்பில் காக்கவைக்கிற அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நாத்தனார் அழவில்லை. துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தார். பிறகு ஆல்பத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் சத்தமாக வாசித்தார், எனக்காக அல்ல, இவளுக்காக. "தண்ணி வேணும்னு அம்மாவக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கேட்டா." குழந்தையைக் கொண்டுபோகிற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

அந்த வாரம் கணவர் வந்தார். மறுநாள் மாலை அக்காவைப் பேருந்து ஏற்றிவிடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வேலை முடிந்து நானும் போயிருந்தேன். வாசலில் நாத்தனாருக்குப் போய்வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. செருப்பையும் மாட்டாமல் நின்று, குழந்தையைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார்.

அம்மாவின் இடுப்பில் இருந்த மேடம் பதிலுக்குக் கையை ஆட்டினாள். சத்தமே இல்லை. பிறகு திரும்பி, அதே கையை அம்மாவின் கன்னத்தில் வைத்து ஆட்டினாள்.

இவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "போயிட்டு வாங்க அண்ணி," என்றாள்.