தண்ணி விழட்டும்

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்தைக் கேட்டாலும் “தண்ணி விழட்டும்” என்பார்கள். அருவியில் தண்ணீர் விழுந்து சீசன் தொடங்கட்டும் என்று அர்த்தம். வீட்டுக்கு வெள்ளையடிக்க, கடை போட, விருந்துக்கு அழைக்க, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். ஆஸ்பத்திரி திறப்பதற்கும் அதையே சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் ஊரான இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், ஆற்றங்கரையில் ஒரு பழைய பங்களா இருந்தது. வெள்ளைக்கார துரை ஒருவர் சீசனுக்கு வந்து தங்கக் கட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு அதில் வௌவால்கள்தான் குடியிருந்தன. ஐம்பதுகளில் ஊர்க் கமிட்டி அதைச் சீர்செய்து பிரசவ ஆஸ்பத்திரியாக்க முடிவெடுத்தது. நல்ல காரியம், அதை நான் என்றும் மறுத்ததில்லை. உடைந்த ஓடுகளுக்குப் பதிலாகக் கொல்லத்து ஓடு வந்தது. உதிர்ந்த காரையைக் கொத்திவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு பூசினார்கள். துரை சீட்டாடிய கூடத்தில் கட்டில்கள் போட்டார்கள். அவர் குளித்த அறை பிரசவ அறையானது. தேக்குக் கதவை மட்டும் மாற்றாமல் எண்ணெய் தேய்த்து விட்டுவிட்டார்கள்.

என் அக்கா அப்போது இரண்டாவது தடவையாக முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை தென்காசிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே பிறந்து இறந்தது. அதனால் அந்தப் பங்களாவில் ஓடு ஏற ஏற அவள் முகம் தெளிந்தது. ஜன்னல் திரைகளைத் தைத்துத் தருவதாகத் தானே கேட்டுப் பச்சைத் துணி வாங்கி வந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு மிஷினை மிதிக்காதே என்று அம்மா அதட்டுவாள். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

“இந்தத் தடவ வண்டியே வேண்டாம்ட்டி. நடந்தே போயிருவேன்” என்பாள் என்னிடம்.

வைகாசியில் வேலை முடிந்தது. கட்டில் வந்தாயிற்று, திரை மாட்டியாயிற்று, நர்ஸம்மாவும் தென்காசியில் தயார். கதவு மட்டும் பூட்டிக் கிடந்தது. திறந்து வைக்க மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் வரவேண்டும். வந்தவர் அருவியில் குளிக்காமல் போகலாமா? அப்பா தென்காசிக்குப் போய், பலசரக்குக் கடை வைத்திருந்த கமிட்டித் தலைவரிடம் கெஞ்சினார்.

“அண்ணாச்சி, பிள்ளைக்கு மாசம் நெருங்குது. விழா பொறவு நடக்கட்டும். நர்ஸம்மாவ மட்டும் வரச் சொல்லுங்க.”

“அதெப்படி? பெரியவுகளக் கூட்டியாந்து வெறும் பாறையவா காட்டச் சொல்லுதிய? தண்ணி விழட்டும்.”

அந்த வருஷம் சாரல் தாமதித்தது. ஆனி பிறந்தும் மலையில் மேகமில்லை.

ஒரு மத்தியானம், எதிர்பார்த்ததற்கு முன்பே அக்காவுக்கு வலி கண்டது. அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவள் சொன்னபடியே பங்களாவுக்கு நடந்து வந்தாள். யாராவது திறந்துவிடுவார்கள் என்று நம்பினோம். சாவி தென்காசியில் தலைவர் கடையில் இருந்தது. அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு உள்ளே அவள் தைத்த திரை தெரிந்தது. அப்பா ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தார். அப்போது உச்சியில்லாமல் நின்ற தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் கண்ணில் பட்டபோது அக்காவின் முனகல் நின்றிருந்தது. பிள்ளையும் தங்கவில்லை.

காடாத்துச் சடங்கு முடிந்து சுடுகாட்டிலிருந்து அப்பா திரும்பிய அன்றே சாரல் அடித்தது. “தண்ணி விழுந்துட்டு! தண்ணி விழுந்துட்டு!” என்று தெருவெல்லாம் கூச்சல். அப்பா பழக்கதோஷத்தில் மலையைப் பார்க்க எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த அருவியை நான் அன்று மனதார வைதேன். திறப்பு விழா தடபுடலாக நடந்தது. நாங்கள் போகவில்லை.

அறுபதுகளில் நான் தலைப்பிரசவத்துக்கு இலஞ்சிக்கு வந்தேன். பங்குனி மாதம், அருவியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வலி எடுத்ததும் அப்பா வண்டி பிடிக்கக் கிளம்பினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போனேன். தேக்குக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஜன்னலில் பச்சைத் திரை வெளுத்துப்போய் ஆடியது. அதைப் பார்த்து நான் தேம்பியதும், நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நேரந்தான், பொறுத்துக்கோ” என்றாள்.