மிதிக்கட்டையில் சிக்கிய எலுமிச்சம்பழம்

ஆஞ்சநேயரை நம்பியிருக்கும் அன்பர்களே, நான் அந்தரத்தில் நடுங்கிய கதை இது. அன்று என் பிள்ளையின் முகம் பார்க்காமலே போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியில் நான் மெக்கானிக். நான் சரிபார்த்து அனுப்பினால்தான் காலை முதல் பஸ் நாமக்கல்லுக்குக் கிளம்பும். அதற்கு முன்னால், காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், ஊருக்கு வெளியே பொட்டலில் ஒரு வாத்தியாரிடம் விமானம் ஓட்டப் பழகினேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற பிழைப்புதான்.

முதன்முதலாகத் தனியே பறக்க வேண்டிய நாள் வந்தது. மனைவி பாவாயி ஏழு மாத கர்ப்பிணி. நாமக்கல் ஆஞ்சநேயர் பாதத்தில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"ஏனுங்க, இதைக் கண்ணு முன்னால வெச்சுக்கோங்க. பழம் இருந்தா எனக்குப் பயமில்லீங்க."

பஸ்ஸில் வைக்கிற மாதிரியே, முகத்துக்கு எதிரே இருந்த விளிம்பில் வைத்தேன். சாமி பழம் இருக்கிற இடம் என்று செருப்பையும் கழற்றிவிட்டேன். "வெறுங்காலோடவா ஏறுறே?" என்று வாத்தியார் சலித்துக்கொண்டார். பஸ் சாயாது, விமானம் சாயும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மேலே போய் இடப்பக்கம் திரும்பினேன். பழம் உருண்டு காலடியில் விழுந்தது. நிமிர்த்தலாம் என்று, விமானத்தை வலப்பக்கம் திருப்பும் மிதிக்கட்டையை மிதித்தேன். அசையவில்லை. விமானத்தின் மூக்கு இடப்பக்கமாகவே போயிற்று. கஞ்சமலை கிட்டே வந்துகொண்டிருந்தது. பாவாயியின் வயிறுதான் கண்ணில் நின்றது. வாய்விட்டு அழுதேன்.

"ஆஞ்சநேயா! தலைக்கு மேலே கூரையே வேண்டாமென்று வானத்தைப் பார்த்து நிற்கிறவனே! நான் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

கத்திக்கொண்டே வெறுங்காலால் துழாவினேன். கட்டைக்குப் பின்னால் உருண்டையாக ஏதோ விரலில் தட்டியது. பழம்! கட்டையோடு சேர்த்து ஓங்கி மிதித்தால் நசுங்கிவிடும். ஆனால் சாமி பாதத்தில் இருந்ததைக் காலால் மிதிப்பதா? கால் கூசியது. மலையோ இன்னும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது மனதுக்குள் யாரோ அதட்டிய மாதிரி இருந்தது. 'தினமும் பஸ் சக்கரத்துக்கு அடியில் எதை வைத்து நசுக்குகிறாய்?' அது என் யோசனை இல்லை, அன்பர்களே. அந்த நேரத்தில் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

கண்ணை மூடி, குதிகாலால் மிதித்தேன். பழம் நசுங்கியது. கட்டை இறங்கியது. மலை மெல்ல ஒதுங்கியது.

ஒருவழியாகத் தரையில் இறங்கினேன். பிறகு சைக்கிளை மிதித்துப்போய், பஸ்ஸைக் கிளப்பி விட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பாவாயி கேட்டாள்.

"பழம் எங்கீங்க?"

நடந்ததைச் சொன்னேன். மிதித்த பாவம் ஒட்டுமோ என்று கேட்டேன்.

"உங்களுக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கிச்சுங்க," என்றவள், என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மகன் பிறந்ததும் அவனைத் தூக்கிப்போய் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினோம். இன்றும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் முன்னால் நிற்கிறேன். பயம் எனக்குப் போகவில்லை; ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இருக்கிறது. ஆனால் தனியாக ஏறுகிறேன் என்ற நினைப்பு மட்டும் போய்விட்டது. தைரியம் வந்த பிறகு அவரைக் கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்குகிற குரலிலேயே கூப்பிடுங்கள். என் குரல் அன்று அப்படித்தான் இருந்தது.