நல்ல தண்ணி

மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டும் சகாதேவனுக்கு மனிதர்களைவிட ஒரு செடியின் மீது மரியாதை அதிகம். கேரளாவுக்கு லோடு இறக்கப் போனவன் ஒரு நர்சரியில் அதைப் பார்த்து மயங்கி, கேபினில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். மலைச்செடி ஒன்றையும் சூடு தாங்கும் செடி ஒன்றையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம். இலை நுனியில் மூடி போட்ட குடுவை தொங்கும், அதில் விழுகிற பூச்சியைத் தின்னும். வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம், உப்பு மட்டும் ஆகவே ஆகாது என்றார் நர்சரிக்காரர். உப்பளத்துக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவன் அப்போதே கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆசை விடவில்லை.

கடல் காற்று படாமல் ஜன்னலைச் சாத்தினான். வெயிலுக்குப் பதிலாக விளக்கு மாட்டினான். ஐப்பசி மழையை மாடியில் பிடித்து, கேன் கேனாகக் கட்டிலுக்கடியில் அடுக்கினான். தண்ணீரில் இருக்கும் உப்பை நம்பராகக் காட்டும், பேனா மாதிரி ஒரு மீட்டரும் வந்தது. உப்பளத்தில் உப்பு வாரும் மனைவி அம்சவள்ளி, கைகால் கழுவாமல் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது. அவளும் சிரித்துக்கொண்டே கழுவிவிட்டு வருவாள். போன மார்கழியில் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று சொன்ன டாக்டர், "தண்ணிய மாத்துங்க" என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற சகாதேவன் தலையாட்டினான். அதோடு சரி.

இந்தக் கோடையில் ஒரு மாதம் லோடு மேல் லோடு. செடியை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து பார்த்தால் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. ஒன்றரை வருஷம் காத்திருந்து வந்த முதல் குடுவை சுருங்கிக் கிடந்தது. கேனில் மீட்டரை விட்டான். பத்தைத் தாண்டாத நம்பர் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு காட்டியது.

"உப்புத் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டியேடி!" அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ரேணுகா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"உப்புத் தண்ணி யாருய்யா ஊத்துனா?" என்றாள் அம்சவள்ளி. "கேனெல்லாம் காலியாயிடுச்சு. செடி வாடுதேன்னு அதே கேன்ல நல்ல தண்ணி புடிச்சி வச்சு ஊத்துனேன்."

"இதுவா நல்ல தண்ணி? வெசம்டி இது! மனுசன் வாயில வைப்பானா?"

ரேணுகா மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, நாங்கல்லாம் அதத்தான் குடிக்கிறோம்."

சகாதேவன் சமையல்கட்டுக்குப் போய்க் குடத்தில் மீட்டரை விட்டான். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

ஒரு வருஷமாக அந்த மீட்டர் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. செடியின் தண்ணீரை வாராவாரம் அளந்தவனுக்கு, பத்தடி தள்ளியிருந்த குடத்தில் அதை ஒருமுறை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கல் வலியில் அவள் சுருண்டு படுத்திருந்ததுகூட, அந்தக் கேன்கள் இருந்த கட்டிலின் மேல்தான். அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது. ரேணுகாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

லாரிக்கு ஓடினான். வழியில் குடிக்க அவன் தனக்கென்று வாங்கி வைத்திருக்கும் தண்ணீர் கேன் கேபினில் கிடந்தது. அதை எடுக்கும்போது இன்னும் வெட்கமாக இருந்தது. கொண்டுவந்து டம்ளரில் ஊற்றி அம்சவள்ளியிடம் நீட்டினான்.

அவள் டம்ளரையும் செடியையும் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"அதுக்கு ஊத்துய்யா. எனக்குப் பழகிடுச்சு. அதுக்குத்தான் பழக்கமில்ல."