மடக்குக் கத்தி வாங்கினா மொதல்ல ஏரியா கேப்பாங்க

இன்னைக்கு ராயபுரத்துல ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். உடைச்ச கப்பலோட பித்தளை விளக்கு, மணியெல்லாம் விக்கிற கடை. அங்க பழைய மடக்குக் கத்தி தேடுறது என் பல வருஷப் பழக்கம்.

ஆபீஸ் நண்பர் கார்த்திக்கும் கூட வந்தார். என் கலெக்‌ஷனைப் பாத்து அவருக்கும் ஆசை வந்துடுச்சு.

எனக்குக் கொம்புப் பிடி போட்ட குட்டிக் கத்தி ஒண்ணு கெடைச்சுது. அவர் பெருசா ஒண்ணு எடுத்தார்.

திரும்பி வர்றப்போ போலீஸ் செக்கிங். ரெண்டு பேர் பையையும் தொறந்தாங்க.

"இது இன்னா சார்?"ன்னு கார்த்திக்கைக் கேட்டார் போலீஸ்காரர்.

"ஆன்டிக் சார். ஹாபி."

"வீடு?"

"அடையாறு."

"நல்ல ஹாபி சார்"னு சொல்லி, கத்தியை மடக்கி அவர் கையில குடுத்தார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஏரியா?"

"வியாசர்பாடி சார்."

"யாரைப் போடப் போற?"

"இதுல கொய்யாப்பழம் கூட வெட்ட முடியாது சார். நானும் சேக்கறவன்தான். இவருக்கே நான்தான் கத்துக்குடுத்தேன்."

அவர் கார்த்திக்கைப் பாத்து, "உங்களுக்கும் கத்துக்குடுத்துட்டானா? ஜாக்கிரதையா இருங்க சார்"னார்.

"அவர் எங்க டீம் லீடர் சார்"னு கார்த்திக் சொன்ன பிறகுதான் விட்டாங்க.

வண்டியில ஏறினதும் கார்த்திக், "தப்பா எடுத்துக்காதீங்க, அவர் டூட்டிதானே"ன்னார். தப்பா எடுத்துக்கல. கத்தியை மட்டும் எடுத்துக்கினு வந்தேன்.

நம்ம ஏரியால கத்தி சேக்கற தோஸ்துங்க யாராச்சும் கீறீங்களா? கடைக்குப் போறப்போ ஜாமீனுக்கு யாரைக் கூட்டிக்கினு போறீங்க?