அப்புச்சிக்கு அளந்து ஊற்றிய தண்ணீர்

அம்மாவைப் பெற்ற அப்புச்சி எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருக்கத்தான் வந்தார். மாமன் அப்படிச் சொல்லித்தான் விட்டுப் போனார். மகன் வீட்டில் இருக்க வேண்டியவர்தான்; ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் பைல் நாட்டில் மாமன் வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கூரை மூன்று மழைக்காலம் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தது.

அப்புச்சிக்கு இடது பக்கம் விழுந்துபோயிருந்தது. பேச்சும் குழறும். ஆனால் நினைப்பெல்லாம் மிளகுக் கொடியில்தான். "காட்டுக்குப் போவோணும்" என்று திடீரென எழப் பார்த்து, அப்படியே சாய்ந்துவிடுவார். மலைக்குளிருக்காக அவரை அடுப்போரமாகத்தான் படுக்கவைத்திருந்தோம். ஒருமுறை அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் அடுப்பின் மேலேயே சாய்ந்து முழங்கை வெந்துவிட்டது. என்னைப் பெற்ற அய்யன் மலைக்குக் கீழே கீழ்நாட்டில் ரோடு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா, அப்புச்சி, நான்.

எனக்குப் பத்து வயது. எங்கள் பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். திக்காமல் வாசிப்பவள் நான் ஒருத்திதான். அந்த வாரம் வாத்தியார் சுகாதாரப் பாடம் நடத்தினார். உடம்பில் தண்ணீர் குறைந்தால் நாக்கு வறளும், சிறுநீர் மஞ்சளாகும், புத்தி தடுமாறும் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணி அடித்ததும் ஓடிவந்து அப்புச்சியை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு மரப்பட்டை மாதிரி இருந்தது. ஐயோ என்று இருந்ததா என்றால், இல்லை. பாடம் அச்சாகப் பொருந்திவிட்ட சந்தோஷம்தான் வந்தது.

அதன்பிறகுதான் கவனித்தேன். அம்மா அவருக்குக் காலையில் அரைச் சொம்பு, மாலையில் அரைச் சொம்பு ஊற்றுவாள். அதற்கு மேல் அவர் நாக்கை நீட்டினால் பார்க்காதவள் போல எழுந்து போய்விடுவாள்.

மறுநாள் மாலை அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அம்மா ஓடைக்குப் போயிருந்தாள். நான் அவரை எழுப்பி, படுத்த வாக்கிலேயே இரண்டு சொம்பு ஊற்றினேன். மூக்கில் ஏறி இருமினார். இருமிக்கொண்டே குடித்தார். இன்று நர்ஸ் படிப்புக்கு வந்துவிட்டேன். இப்போது கேட்டால் கடகடவென்று சொல்லுவேன்: முதுகுக்கு அண்டை கொடுத்து உட்காரவை, மோவாய் தாழ்ந்திருக்கட்டும், கரண்டி கரண்டியாக விடு, பகலில் கூடுதலாகக் கொடுத்து அந்திக்குமேல் குறை, ஈரம்பட்ட இடத்தை உடனே ஒற்றி எடு. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஊற்று.

அந்தி சாய்வதற்குள் அவர் போன சிறுநீரில் பாய், கம்பளி, கிழித்து வைத்திருந்த துணி எல்லாம் நனைந்துவிட்டன. மழைக்காலம், நான்கு நாளாக வெயில் முகம் காட்டவில்லை. ஈரத்தில் கிடந்து கிடந்து அவர் இடுப்பில் ஏற்கனவே புண் வைத்திருந்தது. நான் பாடத்தை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அம்மா கம்பளியைப் பிழிந்தபடியே கேட்டு முடித்தாள்.

"சரி கண்ணு. ராத்திரிக்கு அப்புச்சிக்கு எதைப் போத்தறதுன்னு உங்க வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரா?"

தன்னுடைய சேலையைத்தான் போர்த்தினாள். மறுநாள் முதல் தண்ணீர்க்குடம் எனக்கு எட்டாத பரணுக்குப் போய்விட்டது. அம்மா கொடுமைக்காரி என்று தீர்மானம் செய்தேன்.

அமாவாசைக்கு மாமன் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். அவரை உட்காரக்கூட விடவில்லை நான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எங்கப்பனுக்குத் தண்ணி ஊத்தக்கூடவா உனக்குக் கை வலிக்குது?" என்று மாமன் குதித்தார்.

"வலிக்குதுண்ணா. நீ கூட்டிக்கிட்டுப் போ."

"கூரை வேல முடியட்டும்னு சொல்றனில்ல? இந்தப் புள்ளைக்கு இருக்கற பாசம் உனக்கில்லையே!"

என் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் பூரித்துப் போனேன். அம்மாவிடமே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மழை பிடிப்பதற்குள் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா அளக்கவில்லை. அப்புச்சி நாக்கை நீட்டும்போதெல்லாம் ஊற்றினாள், நனையும்போதெல்லாம் வாசலிலேயே துவைத்தாள். சில நாளில் அவள் முகம் வீங்கியது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். பல் கிட்டும்படி நடுங்குவாள். நானும் பார்த்தேன். அது பாடத்தில் வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலையில் ஓடைத் தடத்தில், உடைந்த குடத்தின் பக்கத்தில் கிடந்தாள். நான்கு பேர் மூங்கிலில் தூளி கட்டி அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரி. நானும் கூடவே ஓடினேன். அப்புச்சியை மாமன் தூக்கிக்கொண்டு போனார். கூரை அதற்குள் தயாராகியிருந்தது.

நர்சம்மா அம்மாவின் நாக்கைப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"எங்கப்பனுக்கு மின்ன ஊத்துன அளவுதானுங்க. காலையில அரைச் சொம்பு, சாய்ந்தரம் அரைச் சொம்பு."

"ஏம்மா அப்படி?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "குடிச்சா காட்டுப்பக்கம் வெளிய போவோணுமுங்க. அவரு கண்ணசர்ற நேரம் ஒருக்காத்தான் போவ முடியும். நடுவுல போனா எந்திரிச்சு அடுப்புல உழுந்துருவாருங்க."

நர்சம்மா என் பக்கம் திரும்பினார். "அம்மா வெளிய போற நேரம் நீ அவர் பக்கத்துல உக்காந்திருக்கலாமில்ல பாப்பா?"

"நான் பள்ளிக்கூடம் போயிருவேனுங்க."

"வந்த பிறகு?"

"படிப்பேனுங்க."

"அது படிக்கற புள்ளைங்க" என்றாள் அம்மா. அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

நர்சம்மா முக்கியமானதை விட்டுவிட்டார் என்று எனக்குப் பட்டது. அவர் சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்: "அம்மா அப்புச்சிக்கும் தண்ணி குடுக்கலீங்க."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பின் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள். அன்று நர்சம்மா மேற்கொண்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு, கட்டில் காலைப் பிடித்தபடி நான் அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றேன்.